அந்த ஒரு நாள்

கண்ணு,

நேற்று வீடியோவில் உன் உதடு வீங்கியிருந்தது. "பாத்ரூம்ல வழுக்கிட்டேம்மா" என்றாய். பின்னால் மாப்பிள்ளை நின்றதால் நான் எதுவும் கேட்கவில்லை.

இன்று அவிநாசியில் டிக்கெட் போடும் பெண்ணிடம், டொராண்டோவுக்கு எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன். "கோயமுத்தூர்ல இருந்து பதிமூவாயிரம் கிலோமீட்டருக்கு மேலங்கக்கா. பிளைட் மாறிப் போய்ச் சேர ஒரு நாளாயிருமுங்க" என்றாள்.

உன் பிரசவத்துக்கு எடுத்த விசா இன்னும் செல்லும். நாளை கிளம்புகிறேன். பனியன் கம்பெனியை அப்பா பார்த்துக்கொள்வார். மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம். படித்ததும் இதை அழித்துவிடு.

விமானத்தில் ஏறிவிட்டால் நீ கூப்பிட்டாலும் என்னால் எடுக்க முடியாது. அந்த ஒரு நாளை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. அதனால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இப்போதே பக்கத்து வீட்டுக்குப் போய்விடு. நான் நேராக அங்கேயே வருகிறேன்.

அம்மா