கத்தி உன் கட்சி, காத்திருப்பு என் கட்சி

சேலம் பஸ்ஸில் இன்று காலை ஒரு பெட்டி வந்தது. பனிக்கட்டி கரைந்து ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. பிரித்தால், கட்டைவிரல் அளவுக் குப்பிகளில் மஞ்சள் பொடி. பெனிசிலின். நம் ராசிபுரத்து ஆஸ்பத்திரிக்கு இதுதான் முதல் முறை. ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு உன்னைக் கூப்பிட வாயெடுத்துவிட்டேன். உன்னைக் கொண்டுபோன டைபாய்டுக்கு இது கேட்காதாம். கூட வந்த தாளில் அதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் நியாயமில்லாததுதான். ஆனாலும் வந்தது.

பெண்கள் வார்டுக்கு நாம் இருவர்தான் டாக்டர்களாக இருந்தோம். நீ அறுப்பாய், நான் மயக்க மருந்து கொடுப்பேன். ஆளுக்கொரு புத்தி என்பதால் நோயாளிக்கொரு சண்டை. குடல்வால் வீங்கி வருகிறவளுக்கு உடனே அறுத்து எடுத்துவிட வேண்டும் என்பது உன் கட்சி. தாமதமாக வந்தவளென்றால், சாய்த்து உட்கார வைத்து, வாய்க்குத் தண்ணீர் மட்டும் கொடுத்து, வீக்கம் வற்றியபின் அறுக்கலாம் என்பது என் கட்சி. நீ வயிற்றைத் தொட்டே சொல்லிவிடுவாய். நான் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, மைக்ராஸ்கோப்பில் வெள்ளை அணுக்களை எண்ணாமல் பேச மாட்டேன்.

"நீ எண்ணி முடிக்கறதுக்குள்ள அவ ஊட்டுக்கே போயிருவா, அம்மிணி" என்பாய். வீட்டை ஊடு என்கிறவளிடமா வைத்தியம் கேட்பது என்று ஆத்தூர்க்காரி நான் திருப்புவேன்.

ஒருநாள் அந்த நெசவுக்காரப் பெண்ணை மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்கள். புருஷனுக்குச் சரியாகத் தறியில் உட்காருகிறவள். வயிற்றைப் பார்த்தால், மஞ்சள் கொம்பைச் சுட்டு வைத்த சூடு, தொப்புளைச் சுற்றிக் கொப்புளம் கொப்புளமாக. எங்கே விரல் வைத்தாலும் அலறினாள். எது சூட்டின் வலி, எது உள்வலி என்று உன் கைக்குப் பிடிபடவில்லை. என் மைக்ராஸ்கோப்புக்கும் அன்று மார்தட்டிக்கொள்ள வழியில்லை. வெள்ளை அணுக்கள் கூடியிருந்தன. சூட்டுப் புண்ணுக்கும் அவை கூடத்தான் செய்யும்.

கொஞ்ச நேரம் அவள் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

"சாமி, தறி மிதியிலிருந்து காலைத் தூக்குவியல்ல, அப்படித் தூக்கு. நான் தொடைய அமுத்திப் பிடிச்சுக்கறேன்."

இடது காலை எளிதாகத் தூக்கினாள். வலது காலைத் தூக்கியதும் உதட்டைக் கடித்துக்கொண்டாள், முகமெல்லாம் வேர்த்துவிட்டது. காலைத் தூக்கும் தசை குடல்வாலுக்குப் பின்னால் ஓடுகிறது. சூடு வைத்த தோலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. அறுக்க வேண்டும் என்றாய். தாமதமாக வந்தவள், நாடி நிதானமாக இருக்கிறது, காத்திருக்கலாம் என்றேன்.

புருஷன் கையெடுத்துக் கும்பிட்டான். "கத்தி இல்லாம ஆகுமுன்னா அப்படியே பண்ணுங்க, டாக்டரம்மா. கைக்கொழந்தைக்காரிங்க."

எனக்குப் பலம் கூடியது. மருந்து ஏதாவது கொடுத்தீர்களா என்று வந்தவுடனேயே கேட்டிருந்தேன். இல்லவே இல்லை என்றிருந்தான். நீ உன் ஊர்க்காரர்களை அறிந்தவள். வேறு மாதிரி கேட்டாய்.

"வெளக்கெண்ண குடுத்தீங்களா?"

"அது குடுத்தமுங்க. நேத்தும் குடுத்தோம், இன்னைக்குக் காத்தாலயும் குடுத்தோம். அது மருந்துங்களா?"

வயிறு வலித்தால் பேதிக்குக் கொடுப்பது அந்த வீடுகளில் பசித்தால் சோறு போடுவது போல. ஆனால் வீங்கிய குடல்வாலுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. குடலை முறுக்கி முறுக்கி அதை வெடிக்க வைத்துவிடும். என் முறைக்கு முதல் விதியே குடலுக்கு ஓய்வு. இனி எதற்குக் காத்திருப்பது? குளோரோபாரம் புட்டியை எடுத்து வைத்தேன்.

"காத்திருந்தா வெடிச்சுரும், சாமி. வெடிச்சா அப்பறம் நானும் உங்களாட்டம் கும்புடத்தான் முடியும்" என்று அவனிடம் சொன்னாய். அவன் தலையாட்டினான்.

வெளியே எடுத்த குடல்வால் கறுத்துப்போய், நுனி காகிதமாக மெலிந்திருந்தது. வெடித்திருக்கவில்லை. அவள் பிழைத்தாள். தையல் பிரித்தபின் வண்டி வேண்டாமென்று நடந்தே பஸ்ஸுக்குப் போனாள்.

நீ ஜெயித்ததைச் சொல்லிக் காட்டுவாய் என்று பயந்துகொண்டிருந்தேன். அடுத்து ஒருத்தி குடல்வாலைச் சுற்றிக் கட்டி திரண்டு வந்தாள், பேதி மருந்து எதுவும் குடிக்காதவள். நீ கையைக் கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். "இவளுக்கு உன்ற வைத்தியந்தான், அம்மிணி." அதுவும் பலித்தது. உன்னை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அன்றே சொல்லியிருக்கலாம்.

இப்போது வார்டுக்கு நான் ஒருத்தி. கத்தியும் என் கையில். சூடு வைக்காத வயிறுகள் வர ஆரம்பித்திருக்கின்றன, வலி கண்ட அன்றே வருகிறார்கள். சண்டைக்குத்தான் ஆளில்லை. அதனால் கட்டிலருகே நின்று முதலில் என் கட்சியைப் பேசுகிறேன், பிறகு உன் கட்சியை, உன் பேச்சிலேயே. என் உதடு அசைவதைப் பார்த்து நர்ஸ் ஏதோ மந்திரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

முந்தாநாள் வந்த பெண்ணுக்குக் காத்திருக்கலாமென்று வெகுநேரம் வாதாடிப் பார்த்தேன். நீ விடவில்லை. இன்று எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்கிறாள்.