துணிக்கடைக்காரர் மகள்கள்

ஆகஸ்ட் 7
டயகமயில் விடாத தூறல். நாளை திருகோணமலை, தங்கச்சி சாந்தி வீட்டுக்கு. பையில்: தேயிலைத் தூள், லீக்ஸ், கரட், மகளின் கல்யாணப் பத்திரிகை. கடலை டிவியில்தான் பார்த்திருக்கிறேன். "பாத்துட்டு அங்கேயே இருந்துறாத" என்கிறார் இவர். போவது கடலுக்கா? கல்யாணத்தில் சித்தியாக முன்னால் நிற்க சாந்தி வர வேண்டும். கட்டிப் போனதிலிருந்து, பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டை எட்டிப் பார்க்காதவள்.

ஆகஸ்ட் 8
கொளுத்தும் வெயில். பஸ் ஸ்டாண்டில் சாந்தி. சுகம்கூட விசாரிக்கவில்லை.

"அக்கா, அப்பாவுக்கு ஹட்டன்ல துணிக்கடை இருந்துச்சுன்னு சொல்லியிருக்கேன். மாத்திச் சொல்லிறாதீங்க. இவருக்குத் தெரியும். மாமிக்குத்தான் தெரியாது."

அப்பா சாகும்வரை தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய கூலியாள். செத்த பிறகு முதலாளி! எனக்கு நல்ல சேலை இரண்டுதான்.

அவள் மாமியார் நல்ல மாதிரி. "கடையை இப்ப ஆர் பாக்கிறது?" என்று கேட்டார். "வித்தாச்சுங்க" என்றேன். என் தூளை சாந்தி அலமாரிக்குள் தள்ளிவிட்டாள். குடிக்கத் தந்தது கோப்பி.

ஆகஸ்ட் 9
கடல். அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. எல்லாரும் இறங்கினோம். சாந்தி மட்டும் கரையில், தலையில் துண்டு.

"இவ ஒருநாளும் இறங்கமாட்டா. சளி பிடிக்குமாம்" என்றார் மாமியார்.

சளியாவது மண்ணாவது. ஒரே மலையில் என்னோடு கொழுந்து பறித்தவள். கூடைக் கயிறு அழுத்தி அழுத்தி உச்சியில் முடி போன தடம் இருக்கிறது. நனைந்தால் பளிச்சென்று தெரியும். எனக்கும் உண்டு. நான் முங்கினேன்.

மாமியார் என் தலையைப் பார்த்தார். "இதென்ன பிள்ளை?"

நான் வாய் திறக்குமுன் சாந்தி: "சின்னதில சுடுதண்ணி கொட்டினது, மாமி."

தலையாட்டினேன். வெட்கங்கெட்டுத் தலையாட்டினேன்.

மாலை பத்திரிகை கொடுத்தேன். தோட்டத்து விலாசம் இருந்த பக்கத்தை உள்ளே மடித்தாள். "நான் வந்தா மாமியும் வருவேன்னு நிப்பாங்க. லயத்துக்கு எப்படிக் கூட்டிட்டு வர்றது? ஹட்டன்ல மண்டபம் எடுங்களேன்."

"எங்க வீட்டு வாசல்லதான் கல்யாணம்."

"அப்ப வரலக்கா."

சாப்பாடு இறங்கவில்லை. அவ்வளவு பெரிய மீன், வீண்.

ஆகஸ்ட் 10
கிளம்பும் நேரம். சாந்தி ஆட்டோ பிடிக்கப் போயிருந்தாள். மாமியார் பக்கத்தில் வந்து என் தலையைத் தடவினார்.

"எங்கட மருமகளுக்கும் இது இருக்கு. பிள்ளை பெத்த நேரம் நான்தானே தலைக்கு வார்த்தனான். எனக்குக் கொழுந்துக் கூடைத் தழும்பு தெரியாதா? அவளாச் சொல்லட்டும் எண்டு இருக்கிறன்."

ஆட்டோ வந்துவிட்டது.

பஸ் ஸ்டாண்ட் வரை சாந்தி என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், கல்யாணத்துக்கு வருவாள். நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். மாமியார் பயம் போனதால் வருகிற சித்தி என் மகளுக்கு வேண்டாம். அந்த அம்மாவுக்குக் கூசாத தலை, கூடப் பிறந்தவளுக்குக் கூசுகிறதே.

பஸ் கினிகத்தேனையைத் தாண்டும்போது போன். மழை தொடங்கியிருந்தது.

"அக்கா, மாமி தனியா ஏதாச்சும் கேட்டாங்களா?"

"ஒண்ணும் கேக்கல."

"நல்லவேளை" என்றாள். சிரித்தாள்கூட.