மூன்று முறை மாற்றப்பட்ட கண்ணாடி

அனுப்புநர்:
கட்டடப் பொறுப்பு உறுப்பினர்,
பள்ளி மேலாண்மைக் குழு.
(தொழில்: கண்ணாடி மற்றும் படச்சட்டக் கடை, பள்ளிக்கு எதிர்த்தெரு)

பெறுநர்:
உயர்திரு கல்வி அலுவலர் அவர்கள்,
கல்வி அலுவலகம்.

பொருள்: ஐந்தாம் வகுப்பு அறைச் சுவரின் நிலையை இருபது மாதப் பதிவேட்டில் மறைத்தவர் மீது நடவடிக்கை கோருதல், அறையை உடனே மூட ஆணையிட வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: மாணவி ஒருத்தி எழுதிய மன்னிப்புக் கடிதம் (இணைப்பு 1).

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்த மனுவில் புகார் கொடுப்பவரும் புகாருக்கு உள்ளானவரும் ஒரே ஆள்தான். ஏதோ எழுத்துப்பிழை என்று தங்கள் அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிடக் கூடாது என்பதற்காக இதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

2. எங்கள் பள்ளியின் ஐந்தாம் வகுப்பு அறைக்கு மேலே, முந்தைய குழு கணினி அறை ஒன்றைக் கட்டியது. அதன்பின் கீழ் அறையின் சுவரில், சன்னல் மூலையிலிருந்து தரை வரை ஒரு விரிசல் விட்டது. பார்க்க வந்த பொறியாளர், விரிசலின் குறுக்கே விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமெண்ட் வைத்து ஒட்டினார். சுவர் அசையாவிட்டால் கண்ணாடி அப்படியே இருக்கும். அசைந்தால் உடையும். உடைந்த தேதியைக் குறித்துவைத்து அவருக்குச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. இதை அவர் முந்தைய உறுப்பினரிடம் சொல்லியிருக்கிறார். என் கைக்கு வந்தது பராமரிப்புப் பதிவேடு மட்டும். மாதந்தோறும் நிரப்ப வேண்டிய கட்டங்களில் ஒன்று: "விரிசல் கண்ணாடி முழுமையாக உள்ளதா?"

3. சுவரில் கண்ணாடி எதற்கு என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்டால், இதுகூடத் தெரியாதவனுக்குக் கட்டடப் பொறுப்பா என்று நினைப்பார்களே என்று கேட்கவில்லை. பொறுப்பேற்ற மூன்றாம் மாதம் கண்ணாடி உடைந்திருந்தது. என் தொழிலே கண்ணாடி. கடைக்குப் போய்ப் புதுத்துண்டு ஒன்றை வெட்டிவந்து அன்றே ஒட்டினேன். பதிவேட்டில் "முழுமையாக உள்ளது" என்று எழுதினேன். கேட்காமலேயே வேலையை முடித்துவிட்டதாகத் தலைமையாசிரியை குழுக் கூட்டத்தில் பாராட்டினார். நானும் கூச்சமில்லாமல் தலையாட்டி ஏற்றுக்கொண்டேன்.

4. ஆறு மாதம் கழித்து அந்தத் துண்டும் உடைந்தது. அச்சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தவள், தையற்காரம்மாவின் மகள். கொஞ்சம் துறுதுறுப்பான பிள்ளை. வேறு யார் உடைத்திருப்பார்கள் என்று நான்தான் முதலில் கேட்டேன். அவள், "நான் தொடவே இல்ல சார், அதுவா ஒடஞ்சிருந்துச்சு" என்றாள். எல்லாக் குழந்தைகளும் சொல்வதுதானே என்றேன். அதைச் சொன்னபோது சிரித்தேன் என்பதையும் பதிவு செய்ய வேண்டுகிறேன்.

5. நடந்ததை நடந்தபடி எழுதி மன்னிப்புக் கேட்குமாறு அவளிடம் சொல்லப்பட்டது. தாயார் தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு, கழுத்தில் அளவு நாடாவோடு ஓடிவந்து, மகளுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்கு வகுப்பில் "சுத்தியல்" என்று பெயர். கேள்விக்குக் கை தூக்குவதையே விட்டுவிட்டாள் என்று வகுப்பாசிரியர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

6. தெரியாமல் செய்துவிட்டேன் என்று தப்பிக்க எனக்கு வழியில்லை. அடிபட்ட கண்ணாடி, அடிபட்ட இடத்திலிருந்து நாலாபக்கமும் தெறிக்கும். இழுபட்ட கண்ணாடி ஒரே கோடாகப் பிளக்கும். இருபத்தாறு வருடமாக இதில்தான் சோறு சாப்பிடுகிறேன். அன்று என் கையில் இருந்த துண்டு மேலிருந்து கீழாக ஒரே கோடாகப் பிளந்திருந்தது. பார்த்தேன். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அந்த இடத்தில் வேறொரு துண்டை வெட்டி ஒட்டினேன்.

7. கோடை விடுமுறையில் அறை பூட்டியிருந்தது. சாவி என் கடை மேசை இழுப்பறையில் இருந்தது. பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம் போய்ப் பார்த்தால் மூன்றாம் முறையாக உடைந்திருந்தது. பூட்டிய அறைக்குள் எந்தச் சுத்தியல் போகும்? அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் அந்தப் பெண்ணிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டிவரும். பத்து வயதுப் பிள்ளையிடம் போய் நிற்பதற்கு வெட்கப்பட்டு, முன்னதைவிட இரண்டு மடங்கு தடிமனான கண்ணாடியை ஒட்டிவிட்டு வந்தேன். "முழுமையாக உள்ளது." முப்பத்தெட்டுப் பிள்ளைகள் அச்சுவருக்குக் கீழே வந்து உட்கார்ந்தார்கள்.

8. சென்ற வெள்ளிக்கிழமை அந்தத் தடித்த கண்ணாடியும் உடைந்தது. விரிசலுக்குள் இப்போது ஒரு பென்சில் நுழைகிறது. வீட்டில் என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோபிக்கவில்லை. "ஒரு துண்டு வெட்டுறதுக்கு மூணு தடவ அளக்குறீங்க. ஒரு புள்ள மேல பழி போடுறதுக்கு ஒரு தடவகூட அளந்து பாக்கலையே" என்றாள்.

9. சனிக்கிழமை பொறியாளரைத் தொலைபேசியில் தேடிப் பிடித்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "எந்தெந்தத் தேதியில ஒடஞ்சுது?" சுவர் எவ்வளவு வேகமாக அசைகிறது என்பதை அதை வைத்துத்தான் கணிக்க முடியுமாம். பதிவேட்டைப் புரட்டினேன். இருபது மாதமும் என் கையெழுத்தில் "முழுமையாக உள்ளது" என்றே இருந்தது. தலைமையாசிரியையின் அலமாரியில் தேடியபோது அந்தப் பெண்ணின் கடிதம் கிடைத்தது. தேதி போட்டிருக்கிறாள். காலை வழிபாட்டுக்கு முன் முழுதாக இருந்தது, கணக்குப் பாடத்தின்போது பார்த்தால் பிளந்திருந்தது என்று எழுதியிருக்கிறாள். அடியில் அளவுகோல் வைத்துப் படம் வரைந்து, மேலிருந்து கீழாக நேர்க்கோடு போட்டிருக்கிறாள். கோட்டுக்குப் பக்கத்தில் "சுவரும் கொஞ்சம் விலகியிருக்கிறது" என்று எழுதியிருக்கிறாள். அன்று அதை நாங்கள் யாரும் படிக்கவில்லை. கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கோப்பில் வைத்தோம்.

10. நேற்று நடந்த குழுக் கூட்டத்தில் அறையை மூடச் சொன்னேன். இத்தனை நாள் கணினி வராமல் கிடந்த மேல் அறைக்கு வரும் வியாழக்கிழமைதான் திறப்பு விழா, அதுவரை பொறுக்கலாம் என்று தலைவர் கருதுகிறார். "நீங்கதான மாசாமாசம் நல்லா இருக்குன்னு எழுதுனீங்க?" என்றும் கேட்டார். இன்று காலை அறையை நானே பூட்டிவிட்டேன். பிள்ளைகள் வராந்தாவில் இருக்கிறார்கள். இன்னொரு சாவி தலைவரிடம் உள்ளது. அவர் அறையைத் திறப்பதைத் தடுக்கும் அதிகாரம் தங்களுக்கு மட்டுமே உண்டு.

ஆகவே ஐயா, அந்த அறையையும் மேலுள்ள அறையையும் இன்றே மூட ஆணையிட்டு, பொறியாளரை அனுப்பிவைக்க வேண்டுகிறேன். என்னைப் பொறுப்பிலிருந்து நீக்கி, பொய்ப் பதிவுக்குரிய நடவடிக்கையை எடுக்க வேண்டுகிறேன். உடைந்த கண்ணாடியை இம்முறை நான் தொடவில்லை. வேறு யாரும் தொடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் ஒன்று. அந்த மாணவியின் கடிதத்தை மன்னிப்புக் கடிதங்கள் கோப்பிலிருந்து எடுத்து, பராமரிப்புப் பதிவேட்டில் அந்த மாதத்துக்குரிய பக்கத்தில், என் வரிக்கு மேல் ஒட்ட ஆணையிட வேண்டுகிறேன். இந்த இருபது மாதங்களில் அக்கட்டடத்தை உண்மையாகப் பார்வையிட்டு எழுதியவள் அவள் ஒருத்திதான். மன்னிப்புக் கடிதங்கள் கோப்பில் காலியாகும் இடத்தில் இந்த மனுவின் நகலை வைத்துக்கொள்ளலாம்.

இதைத் தங்கள் அலுவலகத்தில் நேரில் சேர்த்துவிட்டு நேரே தையற்காரம்மாவின் வீட்டுக்குப் போகிறேன். அங்கே எனக்கு நாற்காலி போட்டால் உட்காரமாட்டேன்.

தலைகுனிந்து,
(கையெழுத்து)
கண்ணாடிக் கடைக்காரர்

நாள்: திங்கட்கிழமை, முற்பகல்
இடம்: ஐந்தாம் வகுப்பு வராந்தா

இணைப்பு:
1. மாணவியின் கடிதம் (அசல்)
2. பராமரிப்புப் பதிவேடு
3. அறைச் சாவி