கை அதிர்ந்தால் நீ கூப்பிடுகிறாய்

கண்ணு,

காலையில் செல்போனில் சார்ஜ் ஏறவில்லை என்று மங்கலம் பஸ் ஸ்டாப் பக்கத்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் போனைப் பிரித்துப் போட்டு ஈயத்தை உருக்கினார். அந்தப் புகை வந்ததும் என்னால் நிற்க முடியவில்லை. "உள்ள உக்காருங்க்கா, ஆயிருச்சு" என்றார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிட்டேன். மற்றவர்களுக்கு மகள் வாசம் என்றால் பவுடரும் பூவுமாக இருக்கும். எனக்கு நீ ஈயப் புகைதான்.

அப்பா போன பிறகு நாம் இரண்டு பேர்தானே. கோயமுத்தூரில் ஒயர் இல்லாமல் வேலை செய்கிற கருவிகளைச் செய்யும் கம்பெனியில் சேர்ந்தாய். கொஞ்ச நாளில் வீட்டிலிருந்தே வேலை பார்க்க விட்டார்கள். சோறாக்குகிற மேடையில் பாதி உன் சாமான்தான். "கொழம்புல ஈயம் உழுந்துரப் போகுது சாமி" என்றால், "உழுந்தா இரும்புச் சத்துங்கம்மா" என்பாய்.

ஒரு நாள் நீயே எனக்குச் சோறு கொண்டு நான் தறி ஓட்டுகிற குடோனுக்கு வந்தாய். அந்தச் சத்தத்தில் யாரும் யாரையும் கூப்பிட முடியாது. வேஸ்ட் நூலை உருண்டையாகச் சுருட்டி முதுகில் எறிவோம். திரும்பிப் பார்த்தால் அப்புறம் கையாலும் உதட்டாலும்தான் பேச்சு. எனக்கோ தறி ஓட்டி ஓட்டிக் காதும் மந்தம். பக்கத்துத் தறி சரசு சொல்லிக்கொடுத்து நீயும் என் மேல் ஓர் உருண்டையை எறிந்தாய். வெளியே வந்ததும் உன் முகமே சரியில்லை.

"எங்கம்மாளைக் கல்லெறிஞ்சு கூப்பிடற மாதிரி இருக்குதுங்க்கா."

"கல்லுன்னா வலிக்கும் கண்ணு, இது பஞ்சு. உங்கம்மா என்ன வெண்ணெயா?" என்றாள் சரசு. நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாய். வீட்டில் ஒரு சின்னப் பெட்டி, அதில் ஒரு பொத்தான். என் கையில் வாட்ச் மாதிரி ஒரு பட்டை. நீ அங்கே அமுக்கினால் இங்கே கை அதிர வேண்டும். மேடை மேல் வைத்தால் நன்றாக அதிர்ந்தது. கையில் கட்டினால் அடங்கிப்போனது.

"நம்ம ஒடம்புல பாதிக்கு மேல தண்ணிங்கம்மா. வர்ற அலையை அது குடிச்சுப்போடுது. தோலுக்கும் ஆண்டெனாவுக்கும் நடுவுல ஒரு மெத்தை வெச்சாச் சரியாப் போயிரும்."

நம் ஊரில் துணிக்கா பஞ்சம்? பனியன் கழுத்துக்குப் போடுகிற ரிப் துணியை மடித்து மடித்துத் தைத்தேன். காட்டன்தான். வேறு துணி நம் இரண்டு பேருக்கும் நினைப்பிலேயே வரவில்லை. வீட்டில் அதிர்ந்தது. குடோனில் சாயங்காலம் வரைக்கும் தாங்காமல் ஊமையாகிவிட்டது. மறு நாளும் அப்படியே. நீ சர்க்யூட்டைத் திட்டினாய், ஆண்டெனாவை மாற்றி மாற்றி வைத்தாய். ஒரு நாள் நீயே என் கையிலிருந்து பட்டையை அவிழ்த்தபோது வேர்வை சொட்டியது. தண்ணீருக்குப் பயந்து மெத்தை வைத்தோம். அந்த மெத்தையே தண்ணீராக இருந்தது.

தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாய். "வேர்வையைக் குடிக்கும்னு சொல்லித்தான் ஊரே காட்டனை விக்குது. நாம ரெண்டு பேரும் அதையே மறந்துட்டமுங்கம்மா!"

பெருமாநல்லூரில் விளையாட்டு டீசர்ட் தைக்கிற கம்பெனியிலிருந்து வேர்வை பிடிக்காத பாலியஸ்டர் துண்டு வாங்கி வந்தாய். அது சாயங்காலம் வரைக்கும் தாங்கியது.

ஒரு தடவை அதிர்ந்தால் சாப்பாடு. இரண்டு தடவை என்றால் போன். நீளமாக அதிர்ந்தால் பதறிக்கொண்டு வாசலுக்கு ஓடி வருவேன். எதிரே நம் வீட்டுச் சன்னலில் நின்று கையாட்டுவாய். என்ன சாமி என்று கையால் கேட்பேன். "சும்மாதானுங்கம்மா" என்று உதட்டை அசைப்பாய்.

கடைசி நாளில் காய்ச்சலோடு படுத்திருந்தாய். ஊசி போட்டிருந்தது, கஞ்சியும் குடித்தாய். "நீங்க போங்கம்மா. வேணும்னா அமுக்கறேன்" என்று பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டாய். என் கை அதிரவே இல்லை. சோற்று நேரத்துக்கு வந்து தொட்டேன். உன் உடம்பு சில்லிட்டுக் கிடந்தது. காய்ச்சல் இதயத்தில் இறங்கிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

அன்றிலிருந்து என்னைத் தின்றது ஒரே கேள்வி. நீ அமுக்கினாயா? அமுக்கியும் எனக்கு எட்டவில்லையா?

உன்னோடு வேலை பார்த்த நஸ்ரீன் போன மாதம் என்னைப் பார்க்க வந்தாள். அவளிடம் கேட்டேன்.

"அதைத் தெரிஞ்சு என்னங்கம்மா பண்ணப் போறீங்க?"

"எனக்குத் தெரியணும் கண்ணு."

நீ படுத்திருந்த இடத்திலேயே அவளைப் படுக்கச் சொன்னேன். பெட்டி அதே தலைமாட்டில். நான் போய் நின்றதும் விட்டு விட்டு அமுக்கச் சொன்னேன். நான் குடோனுக்குப் போய், எல்லாத் தறியும் ஓட, கடைசி வரிசையின் மூலையில் நின்றேன். வேர்க்க வேர்க்க நின்றேன். பட்டை கட்டிய கையை அக்குளில் இடுக்கிக்கொண்டேன். எட்டக் கூடாது என்பதற்கு என்னென்ன உண்டோ அத்தனையும் செய்தேன்.

கை அதிர்ந்தது. இடம் மாறி நின்றேன். மறுபடியும் அதிர்ந்தது. "வந்துச்சாக்கா?" என்று சரசு உதட்டால் கேட்டாள். தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் நஸ்ரீன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அவ கூப்பிடலைங்கம்மா. தூக்கத்துலயே போயிட்டா. இனியாவது நிம்மதியா இருங்க." சரசுவும் அதையேதான் சொல்கிறாள்.

நிம்மதி வரவில்லை கண்ணு. நீ கூப்பிட்டு எனக்கு எட்டாமல் போயிருந்தால், உன்னுடைய கூப்பாடு ஒன்றாவது இன்னும் எங்கேயோ வழியில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். இப்போது அதுவும் இல்லை. நீ எனக்கு அனுப்பியது அத்தனையும் வந்து சேர்ந்துவிட்டது. அவற்றை வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். இனி வருவதற்கு ஒன்றும் இல்லை.