வதிவிடம்: பனிக்கடலில் ஒரு தீவு

உன் கல்வெட்டு என் மேசையில் கிடக்கிறது. நீ இறந்த முப்பத்தோராம் நாளன்று ரெய்னர்ஸ் லேன் மண்டபத்தில் இந்த நினைவு நூலைச் சோற்றுப் பொதியோடு சேர்த்துத் தந்தார்கள். அச்சு மையின் மணம் இன்னும் போகவில்லை. முதற்பக்கத்தில் உன் படம். அதன் கீழே, நீ பிறக்காத ஓர் ஊரைப் பிறப்பிடமாகவும் லண்டனை வதிவிடமாகவும் கொண்டவன் என்று உன்னை எழுதியிருக்கிறார்கள்.

நீ கேட்டது வேறு. ஆய்வுக் கப்பலில் போய் இரண்டு கோடைகள் நீ தங்கிய, தென்துருவக் கடலின் அந்தச் சிறு தீவைப் பற்றி லண்டனின் மிச்சம் பகுதியிலிருந்த உன் வீட்டுச் சமையலறையில் எத்தனை முறை சொல்லியிருப்பாய்! பென்குயின்களை எண்ணுவது வேலை. மனிதர் அங்கே ஒருகாலமும் குடியிருந்ததில்லை. "ஒரு பென்குயினும் என்னை எந்த ஊர், ஊரிலை எந்தப் பக்கம் எண்டு கேக்கேல்லை மச்சான்" என்று சிரிப்பாய். அந்தக் கேள்வி சாதியை அறியக் கேட்கப்படுவது. பல்கலைக்கழக விடுதியில் உன் பதிலைக் கேட்டபின் சிலர் உன்னறையில் தேநீர் குடிப்பதை நிறுத்தினார்கள்.

மருத்துவமனையில் உன் அண்ணையிடம் என் முன்னால் தெளிவாகச் சொன்னாய்: "கல்வெட்டிலை பிறந்த இடத்தை உள்ளபடி போடுங்கோ. வதிவிடம் அந்தத் தீவு."

"ஓமடா, போடுறன்" என்றார்.

மண்டபத்தில் அவரிடம் கேட்டேன். குரலைத் தாழ்த்தினார். "சனமில்லாத இடத்தை வதிவிடம் எண்டு போட்டா ஆக்கள் சிரிப்பினம். ஊரை மாத்தினது அவன்ரை மகளுக்காக. நாளைக்குக் கலியாணம் பேசேக்கை இதைத்தானே எடுத்துப் பாப்பினம். அவன் போயிட்டான், தம்பி. நாங்கள் இஞ்சை இருக்கவேணும்." பிறகு, "வடை எடுத்தனீங்களோ?" என்றார்.

சாதி எட்டாத இடம் தேடிப் பூமியின் விளிம்புவரை போனாய். அவர்களோ தங்களுக்குத் தோதான ஊரொன்றில் உன்னைப் பிறக்கவைத்துவிட்டார்கள். இறந்தவன் மறுக்க மாட்டான் என்பதை நன்கு அறிந்தே செய்தார்கள். தீவில் உன் காலடிகளைப் பனி எப்போதோ மூடியிருக்கும். அதில் எனக்கு வருத்தமில்லை. பனி யாரென்று விசாரித்து மூடுவதில்லை.

நீ எங்கே பிறந்தாய், எங்கே வாழ்ந்ததாக எண்ணினாய் என்று சொல்ல இனி நான் ஒருவன்தான். உன் மகள் கேட்கும் நாளுக்காக அதை வைத்திருக்கிறேன். கேட்கமாட்டாள் என்பதையும் அறிவேன். மண்டப வாசலில் "தாங்க்ஸ் அங்கிள்" என்றவள், கையிலிருந்த நூலைத் திறந்து உன் படத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடினாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.