ஆலம்பரைக்குப் போன படகு

குருவிநத்தம்,
25 மே 1933

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை ஆதிலட்சுமி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம், என்னைத் தவிர. காய்ச்சல், தலைவலி ஒன்றுமில்லை, பயப்படாதே.

போன வாரம் மரக்காணத்தில் மாமனாரின் ஒன்றுவிட்ட தம்பி வீட்டுக் கல்யாணத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு போனோம். மறுநாள், இவ்வளவு தூரம் வந்தாயிற்று, பக்கிங்காம் கால்வாயில் படகேறி ஆலம்பரைக் கோட்டையையும் பார்த்துவிடலாம் என்றார் மாமனார். தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றி ஆள் வைத்து வெட்டிய கால்வாயாமே. விடிந்ததும் ஏறினோம். மேலே பாய் கட்டிய நிழல். மாமியார் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தவர் மூடவே இல்லை. உன் மாப்பிள்ளை சீட்டாடிக்கொண்டே தூங்கிப்போனார். படகு போவதே தெரியவில்லை, அத்தனை மெதுவு. கரையில் நடந்து கயிறு பிடித்து இழுத்த இரண்டு பேரையும் சோம்பேறிகள் என்று மாமனார் வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தார்.

அந்த இருவரில் முன்னால் போனது நீ.

தாடியும் தலைப்பாகையும் இருந்தால் என் அண்ணன் நடை எனக்குத் தெரியாதா? உப்பளத்தில் மேஸ்திரி என்று எழுதியிருந்தாய். நான் அதற்குக் கண், காது, மூக்கு வைத்து, உன் கீழே ஐம்பது பேர் வேலை செய்வதாக இந்த வீட்டில் அளந்துவிட்டிருந்தேன். என் கல்யாணத்தின்போது நீ சைகோனில் இருந்தாய்; இவர்கள் யாரும் உன்னைப் பார்த்ததில்லை. படகில் அது எனக்கு வசதியாகப் போயிற்று. இதை எழுதவே கூசுகிறது.

உப்பளம் கண்ணில் பட்டதும் மாமியார், “உங்க அண்ணன் வேல செய்யற எடம் இதானடி? ஒரு ஆள வுட்டுக் கூப்ட்டா பாத்துட்டுப் போலாமே” என்றார். அவர் ஊரில் இல்லை அத்தை என்றேன். கரை பத்தடி தூரம்தான். உன் காதில் விழுந்திருக்கும்.

மத்தியானம் பனைமரத்தடியில் படகைக் கட்டினீர்கள். நாங்கள் தின்றது போக மிஞ்சிய புளிச்சோற்றை உங்களுக்குக் கொடுக்கச் சொன்னார் மாமியார். இலையில் வைத்து நான்தான் கொண்டுவந்தேன். முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு நீட்டினேன். நீ இரண்டு கையாலும் வாங்கி, “நல்லா இரும்மா” என்றாய். முன்பின் தெரியாதவளிடம் சொல்வதுபோலவே சொன்னாய். மன்னித்துவிடு என்று கேட்கக்கூட எனக்கு முகமில்லை, அண்ணா.

ஆவணியில் பிள்ளை கண்ணையனுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். நீ வா.

உன் தங்கை,
ஆதிலட்சுமி


மரக்காணம்,
3 ஜூன் 1933

அன்புத் தங்கைக்கு இருசப்பன் ஆசீர்வாதம். கடிதம் கிடைத்தது. யாரையோ பார்த்துவிட்டு என்னென்னவோ எழுதியிருக்கிறாய். அன்றைக்கு நான் திண்டிவனம் போயிருந்தேன். தாடி வைத்தவனெல்லாம் அண்ணன் என்றால் இந்தக் கால்வாயோரம் உனக்கு நூறு அண்ணன்மார் இருப்பார்கள். மேஸ்திரி வேலையில் ஒரு குறையும் இல்லை. யாரோ ஒருவனுக்குச் சோறு கொடுத்தாய், புண்ணியம்தானே? அதற்கு எதற்கு அழுகை?

ஆவணியில் உப்பு ஏற்றுகிற வேலை மும்முரமாக இருக்கும். காது குத்துக்கு வர முடியுமா என்று சொல்வதற்கில்லை. பிள்ளைக்கு நெற்றி கொள்ளாமல் வேர்க்குரு. சந்தனம் அரைத்துப் பூசு, அலட்சியமாக இருக்காதே.

இருசப்பன்


குருவிநத்தம்,
14 ஜூன் 1933

அண்ணா, கண்ணையன் பிறந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. நீ அவனைப் பார்க்க ஒரு தடவைகூட வந்ததில்லை. அவன் நெற்றியில் வேர்க்குரு இருந்தது உனக்கு எப்படித் தெரியும்? படகில் போன அன்றைக்குத்தான் அது பொரிந்திருந்தது. இரண்டே நாளில் அடங்கிவிட்டது. உனக்கு ஒழுங்காகப் பொய் சொல்லக்கூட வரவில்லை. அதில் நான் உன்னைவிடக் கெட்டிக்காரி.

என்னைத் திட்டி ஒரு கடிதம் போடு, தாங்கிக்கொள்வேன். எனக்காக நீ ஒளிந்துகொள்கிறாய் பார், அதைத்தான் தாங்க முடியவில்லை.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் யாராவது வந்துவிடுகிறார்கள். இல்லை, அதுவும் பொய். யாரும் வருவதில்லை. எனக்குத்தான் தைரியம் வரவில்லை.

ஆதிலட்சுமி


மரக்காணம்,
30 ஜூன் 1933

பாப்பா,

சரி, நான்தான். சைகோனிலிருந்து திரும்பி வந்தால் சுத்துக்கேணியில் நம் நிலம் வெள்ளத்தில் மணல் மூடிக் கிடந்தது. கிடைத்த வேலை இதுதான். மேஸ்திரி என்று பொய்யை ஆரம்பித்தவன் நான். நீ வளர்த்தாய், அவ்வளவுதான்.

அன்றைக்கு என் முறையே இல்லை, வீரப்பன் முறை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நீ துறையில் நின்றதைப் பார்த்ததும் ஒளிந்துகொள்ளத்தான் போனேன். மனசு கேட்கவில்லை. வீரப்பனிடம் கெஞ்சிக் கயிற்றை வாங்கிக்கொண்டேன். வேகமாக இழுத்தால் நீ சீக்கிரம் இறங்கிப் போய்விடுவாயே என்று மெதுவாக நடந்தேன். உன் மாமனார் திட்டியதில் தப்பே இல்லை, கூட இழுத்தவனும்தான் திட்டினான். நீ பிள்ளைக்குத் தாலாட்டுவதைக் கேட்டுக்கொண்டே ஒரு பகல் முழுக்க நடந்தேன். உன்னை அந்தச் சங்கடத்தில் மாட்டிவிட்டது என் ஆசை. வெட்கப்பட வேண்டியவன் நான்.

காது குத்துக்கு நான் வர மாட்டேன். வில்லியனூரில் பெரியப்பா மகன் மணவாளன் இருக்கிறானே, அவனும் பிள்ளைக்கு மாமன்தான். அவன் மடியில் வைத்துக் குத்துங்கள். வீட்டில் ஒன்றும் சொல்லாதே. சொன்னால் அந்த வீட்டில் நீ தலைநிமிர முடியாது. அண்ணன் பேச்சைக் கேள்.

இருசப்பன்


குருவிநத்தம்,
31 ஆகஸ்ட் 1933

அண்ணா,

திங்கட்கிழமை காது குத்து நடந்தது. பாதி நடந்தது.

நீ சொல்லாதே என்றதைச் சாக்காக வைத்துக்கொண்டு இரண்டு மாதமும் வாயைத் திறக்கவில்லை. பாகூர் கோயிலில் மொட்டை போட்டு, மணவாளன் அண்ணன் மடியில் பிள்ளையை உட்கார வைத்தோம். பத்தர் வலது காதைக் குத்தினார். பிள்ளை வீறிட்டான். மாமியார் வந்திருந்தவர்களிடம், இவள் கூடப்பிறந்தவர் பெரிய மேஸ்திரி, வேலையை விட்டு வர முடியவில்லை என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார். பத்தர் இடது காதைத் தொட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“எங்க அண்ணன் மேஸ்திரி இல்ல அத்தை. ஆலம்பரைக்கு நம்ம படக இழுத்துக்கினு வந்தாரே, அவருதான்.”

அத்தனை பேரும் கேட்டார்கள். மாமனார் எழுந்து வெளியே போய்விட்டார். உன் மாப்பிள்ளை மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. மாமியார் மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. நீ படகு இழுப்பதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. “சம்மந்தி வூட்டு மனுசனுக்கு மிச்சச் சோத்தக் குடுக்க வச்சிட்டியேடி” என்று தலையில் அடித்துக்கொண்டார். அவர் முகத்தை இன்னும் என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

தலைநிமிர முடியாது என்று எழுதினாய். நிமிரவில்லைதான். கிணற்றடிக்கு நான் போனால் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். ஆனாலும் படுத்தால் தூக்கம் வருகிறது.

வலது காதை நான் கோட்டைவிட்டுவிட்டேன், இனி ஒன்றும் செய்ய முடியாது. இடது காதைத் தொட விடவில்லை. கண்ணையன் ஒற்றைக் காதில் வளையத்தோடு தெருவில் தத்தித் தத்தி நடக்கிறான், பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். ஏன் இப்படி என்று கேட்பவர்களிடமெல்லாம், அவன் மாமன் மரக்காணத்தில் படகு இழுக்கிறார், வேலை முடிந்ததும் வருவார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உன் தங்கை,
ஆதிலட்சுமி