நாற்பத்தாறாம் எண் முத்திரை

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது.

நான் துணிக்கடையில் ஒரு கோட்டைக் கிழித்து ரகளை செய்ததாக உன் அக்கா போனில் சொன்னாளாம். நான் எதையும் கிழிக்கவில்லை. உள்துணியின் தையலை நான்கு விரல் நீளத்துக்குப் பிரித்தேன், அவ்வளவுதான். கான்வென்ட்டில் சிஸ்டரிடம் தையல் பழகிய கை. ஓர் இழைகூட அறுபடவில்லை. பிரித்ததும் கடையின் கோட்டை அல்ல, மாடி வீட்டு டீச்சருடையதை.

அந்தப் பெண் புது வேலைக்குப் போட்டுக்கொள்ள ஆசையாக வாங்கிய கம்பளிக் கோட்டு இரண்டே மாதத்தில் முதுகில் இழை விட்டுவிட்டது. "உங்க மில் துணிதான் ஆன்ட்டி, கழுத்துச் சீட்டுல போட்டிருக்கு" என்று தயங்கித் தயங்கிக் காட்டினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். குறுக்கு நூல் இரண்டு இடத்தில் ஓடவே இல்லை. முப்பத்தொரு வருஷம் சோதனை மேசையில் நின்றவள் நான். "இவ கண்ணுக்குத் தப்பினது கடவுள் கண்ணுக்கும் தப்பிடும்" என்று உன் அப்பா தறிக்கூடம் முழுக்கக் கேலி பேசுவாரே, நினைவிருக்கிறதா?

டீச்சரை அழைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "பேர் போன மில்லும்மா. உங்களுக்கு என்ன தெரியும்?" என்றார் கடை மேலாளர். துணியைச் சோதித்தவரின் முத்திரை எண் உள்பக்கம் துணியின் ஓரக் கரையில் இருக்கும், காட்டுகிறேன் என்று சொல்லித்தான் தையலைப் பிரித்தேன். கரையில் இந்த வருஷத் தேதி. பக்கத்தில் நாற்பத்தாறு.

என் எண். நான் ஓய்வு பெற்று ஒன்பது வருஷமாகிறது. கோட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு டீச்சரோடு வெளியே வந்துவிட்டேன். அதைத்தான் உன் அக்கா ரகளை என்கிறாள்.

பெரிய பிராண்டுகளுக்குப் போகும் துணியை மில்லில் இன்றும் மூன்று பேர் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று நீயே சொன்னாய். நடுத்தர விலைக் கடைக்குப் போவதை ஒருவர்கூடப் பார்க்க வேண்டாமா? டீச்சருக்கு மட்டும் முதுகு இல்லையா? போன தடவை வந்தபோது, "அவங்க வாங்கறது நம்ம பேரைத்தாம்மா, நம்ம கண்ணை இல்ல" என்றாய். ஏதோ அலுப்பில் பேசுகிறாய் என்று நினைத்து இன்னொரு கரண்டி பரிமாறினேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

கோட்டை நானே இழை கோத்துச் சரிசெய்துவிட்டேன். இனி தேடினாலும் தெரியாது. டீச்சர் நன்றி சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிடாதே. நீ நன்றாக இருக்க வேண்டும். எவர் முன்னாலும் தலை நிமிர்ந்து நிற்கிறவனாக இருக்க வேண்டும்.

ஓய்வு பெற்ற அன்று அந்த முத்திரையை, சோதனைப் பிரிவின் தலைவனான உன் கையில்தான் கொடுத்தேன். விதிப்படி உடைத்துவிடுவதாகச் சொன்னாய். அது இப்போது யார் கையில் இருக்கிறது? போனில் சொல்லாதே, "விடுங்கம்மா" என்று பேச்சை மாற்றிவிடுவாய். ஒரு காகிதத்தில் உன் கையால் பதில் எழுதி அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா